விற்றுவிட்ட துப்பாக்கிகளுக்குக் கணக்கு எழுதுவது எப்படி

பழைய துப்பாக்கிகளின் விலையைப் பேசும்போது நினைவு இரண்டு இடத்தில் ஏமாற்றும். வாங்கிய விலை உண்மையைவிடக் குறைவாக நினைவிருக்கும். அதன்மேல் பிறகு கொட்டிய பணம் நினைவிலேயே இருக்காது. அதனால் விலையிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் எந்தெந்தத் துப்பாக்கி கையில் இருந்தது என்ற பட்டியல் முழுமையாகட்டும், பணம் பிறகு.

பட்டியலுக்கு நல்ல சாட்சி வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் உதிரிகள்தான். துப்பாக்கி போயிருக்கும், அதன் தோட்டா வைக்கும் மேகசின் இழுப்பறையில் இருக்கும். இப்போது கையில் உள்ள எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தாத சோக் குழாய் (ஷாட்கன் குழலின் வாயில் திருகுவது), ஸ்கோப் வளையம், குறிப்பிட்ட அளவுக்கான துடைப்புத் தடி, சுட்ட உறையை மறுபடி நிரப்ப உதவும் டை செட், பாதி தீர்ந்த தோட்டாப் பெட்டி என்று ஒவ்வொன்றும் ஒரு துப்பாக்கியைச் சுட்டும். அடுத்து உரிமப் பதிவுகள், கைமாற்றுப் பத்திரம், காப்பீட்டுப் பட்டியல், பழுதுபார்த்த ரசீது. கடைசியாகப் புகைப்படங்கள். போல்ட் (தோட்டாவை ஏற்றி அறையை மூடும் தண்டு) கைப்பிடியின் வளைவு, குழல் நுனியில் குறிபார்க்க உதவும் முன்குறியின் வடிவம், கட்டையின் பிடிப்பகுதி மூன்றும் தெரிந்தால் மாடலைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சீரியல் எண்ணில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன் செய்த மலிவான .22 (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) ரைஃபிள், ஷாட்கன் பலவற்றில் எண்ணே கிடையாது. அதற்கு 'எண் இல்லை' என்றே எழுதுங்கள், மாடல் எண்ணை அந்தக் கட்டத்தில் போட்டு நிரப்பாதீர்கள். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வரில் உருளையை வெளியே தள்ளினால் தெரியும் இடத்தில் இருக்கும் எண் பலருக்குக் குழப்பம். பழையவற்றில் அங்கே இருப்பது பாகங்களைப் பொருத்தும்போது இட்ட எண்ணும், 1957 முதல் மாடல் எண்ணும். பழைய ரிவால்வர்களில் சீரியல் எண் பிடியின் அடிப்பக்கத்தில் இருக்கும். மவுசர் 98 போன்ற ராணுவ ரைஃபிளில் குழல், போல்ட், மேகசின் அடித்தகடு எல்லாவற்றிலும் எண் உண்டு. எல்லாம் ஒத்திருந்ததா, போல்ட் மட்டும் வேறா என்று ஒரு வரி எழுதிவையுங்கள். சேகரிப்பாளர் கொடுக்கும் விலை இந்த ஒரு வரியில்தான் ஏறும், இறங்கும்.

செய்த வருடம் தெரியாமல் பழைய விலைக்கு அர்த்தம் இல்லை. வின்செஸ்டர் மாடல் 70 இதற்கு நல்ல உதாரணம். 1964இல் வடிவமைப்பை மாற்றினார்கள். தோட்டாவைப் பிடித்து இழுக்கும் அகலமான நகம் போய், தள்ளி ஏற்றும் போல்ட் வந்தது. 7,00,000க்குக் கீழே சீரியல் எண் என்றால் பழைய வகை, அதற்கு மதிப்பே வேறு. ரெமிங்டனில் ரிசீவரை (போல்ட் இயங்கும் நடுப்பகுதி) ஒட்டிக் குழலின் இடப்பக்கத்தில் எழுத்துக்கள் பொறித்திருக்கும். பிளாக்பவுடர் என்ற ஆங்கிலச் சொல்லின் 11 எழுத்துக்களோடு எக்ஸ் சேர்த்தால் 12. ஜனவரி முதல் டிசம்பர் வரை வரிசையாக ஓர் எழுத்து ஒரு மாதம். ஆனால் அது குழலின் பிறந்த தேதி. குழல் மாற்றிய துப்பாக்கியில் அந்தத் தேதி பொய் சொல்லும். துப்பாக்கியைச் சுட்டுச் சோதித்தபின் இடும் ஜெர்மானிய முத்திரைகளில் ஏ முதல் கே வரை, ஜே நீங்கலாக, 0 முதல் 9 வரையான எண்களாகப் படியுங்கள், வருடம் கிடைக்கும்.

வாங்கிய விலையைப் பிரித்து எழுதுவது

ரசீதில் ஒரே தொகை இருந்தாலும் துப்பாக்கி, ஸ்கோப், வரி, கைமாற்றுக் கட்டணம் என்று பிரியுங்கள். விற்கும்போது ஸ்கோப்பைக் கழற்றி அடுத்த ரைஃபிளில் போட்டிருப்பீர்கள். பிரிக்காவிட்டால் அதே ஸ்கோப்பின் விலை இரண்டு துப்பாக்கியின் கணக்கிலும் ஏறும். மாற்றாகக் கொடுத்து வாங்கியதில், கையிலிருந்து போன ரொக்கத்தோடு கொடுத்த துப்பாக்கிக்கு அன்று கிடைத்திருக்கக்கூடிய விலையையும் கூட்டுங்கள். அப்பாவிடமிருந்து வந்தது, நண்பர் கொடுத்தது என்றால் விலை பூஜ்யம் அல்ல. வந்த அன்றைய சந்தை மதிப்பைப் போடுங்கள். இல்லையென்றால் விற்ற பணம் முழுவதும் லாபம்போலத் தெரியும்.

கணக்குத் தாளின் அடுத்த கட்டத்தில் பிறகு சேர்த்தவை: விசை சீரமைப்பு, கட்டைக்குள் ரிசீவர் அசையாமல் படுக்கை அமைத்தல், ரப்பர் பின்தகடு, மறுபூச்சு. இந்தக் கட்டத்தில்தான் கணக்கு வலிக்கும், ஏனென்றால் சில வேலைகளுக்கு இரண்டு தடவை பணம் போகிறது. பழைய துப்பாக்கிக்குக் காசு கொடுத்துப் புதிதாக நீலப்பூச்சு போட்டால் மினுமினுக்கும். ஆனால் சேகரிப்பாளர் பார்ப்பது அசல் பூச்சில் எத்தனை சதவீதம் மிச்சம் என்பதை. தேய்த்து மெருகேற்றும்போது எழுத்துக்களின் விளிம்பு மழுங்கும், திருகுத் துளைகளின் ஓரம் குழியும், தெரிந்தவர் கண்ணுக்கு உடனே படும். லீ என்ஃபீல்டு, மவுசர் ராணுவ ரைஃபிள்களின் நீண்ட கட்டையை அறுத்து, ரிசீவரில் துளையிட்டு வேட்டை ரைஃபிளாக மாற்றியவை கணக்கில்லாமல் உண்டு. அந்த வேலைக்குக் கொடுத்த கூலி போனது. அசலாக விட்டிருந்தால் கிடைத்திருக்கும் விலையும் போனது. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

பராமரிப்பில் போன மதிப்பும் இங்கேதான் வரும். பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் (மருந்துக்குத் தீ மூட்டும் அடிப்பகுதி) இருந்த பொட்டாசியம் குளோரேட், சுட்ட பிறகு உப்பாகக் குழலுக்குள் தங்கும். அந்த உப்பு நீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்து வைத்த ரைஃபிள் குழலின் உட்புறப் புரிகளில் அரிப்புக் குழிகள் விழுந்திருக்கும். தோலுறையில் நீண்ட நாள் வைத்தாலும் அப்படியே. தோல் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், பதனிட்ட ரசாயனமும் சேர்ந்து உறை தொட்ட இடமெல்லாம் துரு.

தோட்டாச் செலவு

எத்தனை முறை சுட்டீர்கள் என்று யோசிக்க வேண்டாம், எத்தனை பெட்டி வாங்கினீர்கள் என்று யோசியுங்கள். பொதுவாக .22இல் பெட்டிக்கு 50, பெரிய கட்டு ஒன்றில் 500. ரைஃபிள் தோட்டா 20, கைத்துப்பாக்கித் தோட்டா 50, ஷாட்கன் தோட்டா 25. பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டியின் ஒரு சுற்று 25 சுடு, அதாவது சுற்றுக்கு ஒரு பெட்டி. சுற்றுச் சீட்டுகள் இருந்தால் கணக்கு முடிந்தது.

சொந்தமாக நிரப்பியவர்கள் பவுண்டிலிருந்து தொடங்கலாம். ஒரு பவுண்டு வெடிமருந்து 7,000 கிரெயின். தோட்டாவுக்கு 42 கிரெயின் என்றால் 166 தோட்டா வரும். அந்த மருந்தின் பங்கு, ஒரு பிரைமர், ஒரு குண்டு, தோட்டாவின் உலோக உறையின் விலையை அது தாங்கிய நிரப்புகளால் வகுத்தது, இவற்றைக் கூட்டுங்கள். நிரப்பும் பிரஸ், தராசின் விலையை ஒரே துப்பாக்கியின் தலையில் கட்டாமல், நிரப்பிய மொத்தத் தோட்டாக்களால் வகுங்கள்.

குழலும் தீரும் பொருள். .308 வின்செஸ்டர் தோட்டா சுடும் ரைஃபிளில் சுமார் 5,000 சுடு வரை துல்லியம் நிற்கும். .243 அதைவிடச் சீக்கிரம் தளரும், ஏனென்றால் குறுகிய குழலுக்குள் அதிக மருந்தின் சூட்டு வாயு போய் அறையை அடுத்த தொண்டைப் பகுதியை அரிக்கிறது. இடைவெளி விடாமல் சுட்டுச் சூடேற்றினால் இன்னும் வேகம். குழல் மாற்றியிருந்தால் அதன் விலையையும் பொருத்துக்கூலியையும் அது தாங்கிய சுடுகளால் வகுத்துச் சேருங்கள். .22இல் இந்தக் கவலை வேண்டாம்.

விற்ற விலையும் அன்றைய பணமும்

வாங்கிய வருடத்துப் பணத்தை விற்ற வருடத்துப் பணமாக மாற்றிய பிறகுதான் கழிக்க வேண்டும். அந்தந்த நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் போதும். அமெரிக்கக் குறியீட்டின் ஆண்டுச் சராசரி 1980இல் 82.4, 2000இல் 172.2. 1980இல் 300 டாலருக்கு வாங்கி 2000இல் 450க்கு விற்றதாக வையுங்கள். 300ஐ 172.2ஆல் பெருக்கி 82.4ஆல் வகுத்தால் 627. ஆக 150 லாபம் என்று தோன்றியது 177 நஷ்டம். அந்த 20 வருடத்தில் 60 பெட்டி, அதாவது 1,200 தோட்டா. 2000ஆம் வருட மதிப்பில் ஒன்று 60 சென்ட் என்றால் 720 டாலர். 177ஐ 1,200ஆல் வகுத்தால் துப்பாக்கிக்கு ஒரு சுடுக்கு 15 சென்ட், தோட்டாவுக்கு 60. ஆயிரக்கணக்கில் சுட்ட எந்த ரைஃபிளுக்கும் கணக்கு தோட்டாவின் பக்கம்தான் சாயும். அதை விற்றதற்காக வருத்தப்படுகிறவர்கள் தோட்டாவை எண்ணுவதே இல்லை.

இன்றைய விலையோடு ஒப்பிட ஆசை வந்தால், கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் உண்மையில் முடிந்த விலையைப் பாருங்கள். அதுவும் அதே வருடம், அதே நிலையில் உள்ளதற்கு. கோல்ட் பைத்தான் ரிவால்வர் 1955இல் வந்தது. தயாரிப்பு நின்ற பிறகு பழையவை விலையேறின. 2020இல் பெயர் அதுவே, ஆனால் உள்ளமைப்பு மாறிய புதிய பைத்தான் வந்தது. புதியதன் விலைச்சீட்டை வைத்துப் பழையதை மதிப்பிட்டால் இரண்டு பக்கமும் தப்பாகும்.

வாங்கியவரின் பெயர், உரிம எண், தேதி, சீரியல் எண், இருவரும் கையெழுத்திட்ட கைமாற்றுத் தாள் ஆகியவற்றைக் கணக்கு முடிந்த பிறகும் எறியாதீர்கள். அந்தத் துப்பாக்கி பின்னால் எங்காவது சிக்கினால் விசாரணை பதிவேட்டில் கடைசியாக இருக்கும் பெயரிடம்தான் வரும். தாள்களைத் துப்பாக்கிப் பெட்டகத்தில் வைக்க வேண்டாம். பெட்டகம் திருடுபோனாலோ எரிந்தாலோ சீரியல் எண்ணும் சேர்ந்து போய்விடும். ஒரு நகல் வேறு வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ இருக்கட்டும்.