காய்ச்சலின்போது இரத்த அறிக்கையைப் படிப்பது எப்படி?

அப்பாவுக்குக் கொவிட்-19 வந்த மூன்றாம் நாள், உடலில் உள்ள அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனையில் 18 என்று அறிக்கை வந்தது. பெரிய அளவு இல்லை என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். ஆறாம் நாள் அதே எண் 96. மருத்துவர் தம் குறிப்பில் ஒவ்வோர் எண்ணுக்கும் மேலே காய்ச்சலின் நாளை எழுதி வைத்திருந்தார், நான் எழுதவில்லை. அன்று முதல் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இது மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்காக மட்டுமே. மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

படி 1: நாளைக் குறியுங்கள்

காய்ச்சல் தொடங்கிய நாளே முதல் நாள். சிங்கப்பூரில் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கும் ஹெல்த்ஹப் செயலியில் பரிசோதனைத் தேதி இருக்கும். அது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பது இருக்காது. எங்கள் வீட்டில் கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நாள், எண், உடல்நிலை என்று மூன்று கட்டம் போட்டுக்கொள்கிறோம்.

படி 2: சிஆர்பி

இதில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். சிஆர்பி கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். 1930இல் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில்தான் முதலில் கண்டறிந்தார்கள். கிருமி தாக்கியதும் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்ற பொருளை வெளியிடுகின்றன; அதன் தூண்டுதலால் கல்லீரல் சிஆர்பியைக் கொட்டுகிறது. சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, சுமார் 48 மணி நேரத்தில் உச்சம் தொடும். சுரப்பது நின்றுவிட்டால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே ஒற்றை எண்ணைவிட, அது எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம்.

முதலில் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதே வழக்கம். டெசிலிட்டர் என்றிருந்தால் பத்தால் பெருக்குங்கள். பெரும்பாலான ஆய்வகங்களில் 5 அல்லது 10க்குக் கீழே இருந்தால் இயல்பு. பிரிட்டனில் கொவிட் நோயாளிகளின் ஆபத்தைக் கணிக்க உருவாக்கிய 4சி மதிப்பெண்ணில் 50, 100 ஆகியவையே எல்லைக்கோடுகள். வயது, ஆக்சிஜன், யூரியா போன்றவற்றையும் அதில் சேர்த்தே எண்ணுவார்கள். சிஆர்பியை மட்டும் வைத்து யாரும் கணிப்பதில்லை. பாக்டீரியா தொற்றும் இதை ஏற்றிவிடும். இன்டர்லூக்கின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்து கொடுத்த பிறகு எண் இறங்கினால், நோய் தணிந்துவிட்டது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

படி 3: ஒரு வகுத்தல் கணக்கு

ஊதா மூடிக் குழாயில் எடுக்கும் இரத்தத்தில் வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணுவார்கள். அவற்றில் நியூட்ரோஃபில் என்ற வகையின் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் என்ற வகையின் எண்ணிக்கையால் வகுங்கள். 7.2ஐ 0.8ஆல் வகுத்தால் 9. நலமாக இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் 1 முதல் 3 வரை இருக்கும். கடும் கொவிட்டில் லிம்ஃபோசைட் குறைந்து நியூட்ரோஃபில் கூடுவதால் விகிதம் எகிறுகிறது. ஸ்டீராய்டு மருந்தும் இதே மாற்றத்தைச் செய்யும் என்பதால், மருந்து தொடங்கிய நாளையும் தாளில் எழுதுங்கள்.

படி 4: ஃபெரிட்டின், டி-டைமர்

இவற்றை எல்லோருக்கும் எடுப்பதில்லை. இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் மிக அதிகமாக இருந்தால் அழற்சி கட்டுமீறியிருக்கலாம். டி-டைமர் கூடினால் உடலுக்குள் இரத்தம் உறைந்து கரைகிறது என்று பொருள்.

படி 5: டெங்கி என்றால் கணக்கு வேறு

சிங்கப்பூரில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2020இல் மட்டும் இங்கே 35,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. டெங்கியில் வெள்ளணுக்களே குறைந்துவிடுவதால் மேலே சொன்ன விகிதத்தை நம்ப வேண்டாம். தட்டணுக்களையும், இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்று காட்டும் ஹீமட்டோக்ரிட்டையும் சேர்த்துப் பாருங்கள். 40ஆக இருந்த ஹீமட்டோக்ரிட் 48ஆனால் அது 20 விழுக்காடு ஏற்றம்: இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிகிறது. பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இது நடக்கும். "சுரம் விட்டுவிட்டது" என்று அம்மாக்கள் மகிழும் அந்த நாளில்தான் கண்ணை மூடாமல் கவனிக்க வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபென் வேண்டாம்.

படி 6: ஆளைப் பாருங்கள்

2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு வீடு கொடுத்த ஆக்சிமீட்டர் மேசை இழுப்பறையில் இருக்கும். மின்கலத்தை மாற்றி எடுங்கள். நகச்சாயம் இல்லாத, குளிர்ந்து போகாத விரலில் மாட்டி, உட்கார்ந்தபடி ஒரு நிமிடம் பொறுத்துப் படியுங்கள். ஆக்சிஜன் 94 அல்லது அதற்குக் கீழே போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ, விடாத வயிற்றுவலி, வாந்தி, இரத்தக்கசிவு இருந்தாலோ அடுத்த அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்துவிட்டு, நாட்காட்டித் தாளை மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.