வட்டமாக உட்காரவைத்துவிட்டு விசாரணை நடத்தாதீர்கள்

பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கடை ஷட்டரில் பெயின்ட் அடித்துவிட்டான் என்று வையுங்கள். கேஸ், கோர்ட் என்று இழுக்காமல் அவனையும் அவன் அம்மாவையும் கடைக்காரரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசவைக்கிறார் ஒரு காவலர். தண்டிப்பதைவிடப் பாதிப்பைச் சரிசெய்யப் பார்க்கும் இந்த வழியை மறுசீரமைப்பு நீதி என்பார்கள். சிறு குற்றங்களுக்குப் போலீஸே முன்னின்று இப்படிப் பேசவைக்கும் முறை 1991-இல் ஆஸ்திரேலியாவின் வாகா வாகா ஊரில் தொடங்கியது. 1998-இல் இங்கிலாந்தின் தேம்ஸ் வேலி காவல்துறை அதைத் தன் எல்லை முழுக்கக் கொண்டுவந்தது.

அங்கே ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இந்தச் சந்திப்புகளைக் கூடவே இருந்து பார்த்தார்கள். பெரிய தவறு காவலரின் வாயில்தான் இருந்தது. என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், யாருக்கெல்லாம் பாதிப்பு என்று கேட்டுவிட்டு அவர் சும்மா இருக்க வேண்டும். பழக்கதோஷம் விடுமா? இதற்கு முன் என்னென்ன செய்தாய் என்று சிலர் துருவ ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் பையன் கடைக்காரரைப் பார்க்க மாட்டான். காவலரின் யூனிஃபார்மைப் பார்த்துத்தான் பதில் சொல்வான். அவன் தயங்கும்போது அந்த மௌனத்தைக் காவலர் நிரப்பாமல் இருப்பது நல்லது. மன்னிப்பு வருவதென்றால் பெரும்பாலும் அங்கேதான் வரும். ‘சாரி சொல்லு’ என்று தூண்டி வாங்கும் மன்னிப்பைக் கடைக்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பையன் ‘நான் செய்யவில்லை’ என்கிறானா? சரி, அப்படியானால் சந்திப்பே கூடாது. ஒத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்று ஆசை காட்டுவது அதைவிட மோசம். இங்கிலாந்தில் இப்படி முடிப்பது தண்டனைக் கணக்கில் வராது. ஆனால் குழந்தைகளோடு பழகும் வேலைக்குப் போகும்போது, விரிவான பின்னணிச் சோதனையில் அது வெளியே வரக்கூடும். அதை முன்கூட்டியே அவனிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட வேண்டும்.

கடைக்காரருக்கு வர இஷ்டமில்லை என்றால் வற்புறுத்தவே கூடாது. நம்மூர் ஸ்டேஷன்களில் ‘பேசி முடிச்சுக்கோங்க’ என்று புகார் கொடுத்தவரையே நெருக்கி எழுதி வாங்குவது உண்டே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எல்லாக் குற்றத்துக்கும் இது பொருந்தாது. 1995 முதல் 2000 வரை ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தபோது, வன்முறைக் குற்றம் செய்த இளைஞர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. வீட்டுக்குள் அடி உதை என்று வரும் புகாரை இந்த வட்டத்துக்குக் கொண்டுவருவது ஆபத்து.

கடைசியாக, ஒப்பந்தம். ‘இனி ஒழுங்காக இருப்பேன்’ என்று எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது. சனிக்கிழமை காலை 10 மணிக்கு வந்து ஷட்டரைத் தேய்த்துச் சுத்தம் செய்வான், பெயின்ட் செலவு இவ்வளவு என்று எழுத வேண்டும். அவன் வராவிட்டால் கடைக்காரர் யாருக்குப் போன் செய்வது என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.