சப்பாத்தை அடுப்படியில் வைக்காதீர்கள்: மலையகத்துக் கடெட் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

ஜூன் மாதம் அட்டன் பக்கம் மழை பிடித்தால் நாலு நாளைக்கு விடாது. திங்கட்கிழமை கடெட் (பள்ளிக்கூட மாணவர் படை) பயிற்சியில் ஊறிப்போன சப்பாத்து புதன்கிழமை பயிற்சிக்குள் காய்ந்தாக வேண்டும். லயத்து வீட்டில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அதற்குத் தோதான இடம் எது? அடுப்படிதான். விறகடுப்பு ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவோம். காலையில் பார்த்தால் தோல் அப்பளம் மாதிரி விறைத்து, விரல் மடங்கும் இடத்தில் வெடித்திருக்கும். பிசின் இளகி, அடிப்பாகம் தவளை மாதிரி வாயைத் திறந்து நிற்கும். தரம் 10இல் நானும் இப்படி ஒரு ஜோடியை ஒழித்திருக்கிறேன். அது அண்ணன் போட்டுவிட்டுத் தந்த சப்பாத்து. வீட்டில் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் கிடக்கிறது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. உள்ளே பாதத்துக்குக் கீழே இருக்கும் அட்டையை உருவி எடுங்கள். பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி விரல் நுனி வரை அடையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தாளை எடுத்துவிட்டு வேறு தாள் வையுங்கள். அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, காற்று ஓடும் இடத்தில் விட்டுவிடுங்கள். முழுதாகக் காயாமல் பொலிஷ் போடக் கூடாது, ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பொலிஷைக் கட்டியாக அப்பினாலும் மினுங்காது. விரலில் பஞ்சுத்துணியைச் சுற்றி, துளிப் பொலிஷ், துளித் தண்ணீர், சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால்தான் முகம் தெரியும். பெல்ட் பக்கிளுக்கு பிராஸோ (பித்தளை மினுக்கும் திரவம்) போடும்போது, மட்டையில் ஒரு வெட்டுப் போட்டு பக்கிளுக்குப் பின்னால் செருகிக்கொண்டால் துணியில் கறை படாது.

சப்பாத்துக்கே இவ்வளவு பேச்சா என்று கேட்காதீர்கள். ஒரு பிளட்டூன் (கடெட் அணி) போட்டி நாளில் தோற்பதில்லை. சாதாரண செவ்வாய், புதன்களில், யாரும் பார்க்காத சின்ன விஷயங்களில் தோற்றுவிட்டுத்தான் போட்டிக்கே போகிறது. பல வருடமாகப் பார்த்து வந்ததில் எனக்குப் பட்டது இதுதான்.

வருடத் தொடக்கத்திலேயே வீட்டில் வரும் ஒரு குழப்பத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "பேர் குடுத்தா ஆமிக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்களா சேர்?" என்று கேட்காத அம்மாவை நான் பார்த்ததில்லை. தேசிய மாணவர் படையணி பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்குவது உண்மை. ஆனால் கடெட் பிள்ளை சிப்பாய் இல்லை, படிப்பு முடிந்ததும் படையில் சேர வேண்டிய கட்டாயமும் இல்லை. பிள்ளை இதை வீட்டில் சொல்லாமல், தானே கையெழுத்தைப் போட்டுக் கடிதம் கொண்டுவருவதுதான் தவறு. முகாமுக்குப் புறப்படும் நாளில் உண்மை தெரிந்து, அப்பா பஸ்ஸடியில் வந்து நிற்பார்.

முதல் தவணை பெரும்பாலும் நடைப்பயிற்சியில் போகும். பெப்ரவரி 4 சுதந்திர தினம், அதையொட்டி விளையாட்டுப் போட்டி அணிவகுப்பு என்று அவசரம் வேறு. இங்கேதான் தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல். முகாமிலும் போட்டியிலும் கட்டளைகள் சிங்களத்தில் வரும். பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் சத்தத்தை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். 'தகுணட்ட' என்றால் வலப்பக்கம், 'வமட்ட' என்றால் இடப்பக்கம் என்பது மண்டையில் ஏறாததால், கட்டளை வந்ததும் கண் பக்கத்துப் பிள்ளையிடம் போகிறது. அவன் திரும்பிய பிறகு இவன் திரும்புகிறான். அந்த அரை வினாடியை நடுவர் அங்கிருந்தே பிடித்துவிடுவார்.

இதற்கு நேர்மாறான பிள்ளையும் உண்டு, முந்திரிக்கொட்டை. ஒரு கட்டளையில் இரண்டு பகுதி இருக்கிறது. முதல் பகுதி என்ன செய்யப்போகிறோம் என்று சொல்கிறது, பிறகு ஒரு சின்ன இடைவெளி, கடைசிச் சொல்லில்தான் உடம்பு அசைய வேண்டும். பழகிய பிள்ளை முதல் பகுதியிலேயே பாதி திரும்பியிருப்பான். நாங்கள் செய்யும் வைத்தியம் இது: கட்டளைகளைத் தமிழ் எழுத்தில், அர்த்தத்தோடு கொப்பியில் எழுதவைப்போம். அப்புறம் ஆளுக்கு ஐந்து நிமிடம் முன்னால் நின்று கட்டளை கொடுக்க வேண்டும். இடையிடையே கடைசிச் சொல்லைச் சொல்லாமலே விட்டுவிடுவோம். அசைந்தவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு இருக்கும் பலன் எந்தத் தண்டனைக்கும் இல்லை.

கையும் காலும் ஒரே பக்கமாகப் போவது இன்னொன்று. வலக்காலோடு வலக்கை. பயத்தில் உடம்பு இறுகுவதுதான் காரணம், புத்திக் குறைவு இல்லை. கத்தினால் இன்னும் இறுகும். அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிற மாதிரி பேசிக்கொண்டே நடந்தால் கை தானாகச் சரியாகிவிடும். பிறகு மெதுவாக வீச்சைக் கூட்டலாம்.

நமது பள்ளிக்கூடங்களில் சமதரை என்பதே அபூர்வம். சரிவான மைதானத்திலேயே பழகினால், மேலே ஏறும்போது எட்டு (ஒரு அடி எடுத்து வைக்கும் தூரம்) குறுகும், இறங்கும்போது நீளும். சமதரைக்குப் போனதும் வரிசை பாம்பு மாதிரி நெளியும். பிரித்தானியர் ஆண்ட காலத்தில், 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது இந்தக் கடெட் மரபு. பிரித்தானிய முறையில் வழமையான எட்டு 30 அங்குலம். தார் ரோட்டில் ஒரு சமமான துண்டைப் பார்த்து, வாகனம் குறைந்த காலை நேரத்தில், 30 அங்குலத்துக்கு ஒரு சுண்ணாம்புக்கோடு போட்டு வாரம் ஒருமுறை நடந்து பாருங்கள்.

மயங்கி விழுவதைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். "வரிசையில நிக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு சேர்" என்பார்கள். தூரத்துத் தோட்டத்துப் பிள்ளை ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க ஒரு பிளேன்டியோடு (பாலில்லாத தேநீர்) ஓடிவந்திருக்கும். அது ஒரு காரணம். இன்னொன்று, முழங்காலைப் பூட்டியது போல விறைத்து நிற்பது. அசையாமல் நிற்கும்போது இரத்தம் காலில் தேங்குகிறது. அதை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை, அது வேலை செய்யாவிட்டால் மூளைக்குப் போகும் இரத்தம் குறையும். சப்பாத்துக்குள் விரல்களை மடக்கி நீட்டுங்கள், முழங்காலை மயிரிழை தளர்த்துங்கள். வெளியே யாருக்கும் தெரியாது. காலையில் அரை ரொட்டியாவது சம்பலோடு உள்ளே போகட்டும். தலை சுற்றினால் வீரம் காட்டாமல் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். விழுந்த பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிமிர்த்துவதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். ஒரு நிமிடத்தில் தெளியாவிட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

முகாம் என்றால் படையணியின் பயிற்சி நிலையம் இருக்கும் ரன்தம்பே. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், ரன்தம்பே மகாவலிக் கரையில், ரந்தெனிகல அணைக்குக் கீழே, பள்ளத்தில் கிடக்கிறது. அங்கே வெயில் சுடும். நம் பிள்ளைகளோ இரண்டு ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டுப் போவார்கள். குளிரில் வளர்ந்த பிள்ளைக்குத் தாகம் எடுக்கும்வரை தண்ணீர் குடிக்கும் பழக்கம் இருக்காது. தாகம் எடுக்கும்போது ஏற்கெனவே பிந்திவிட்டது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மணிக்கொரு தடவை குடிக்கப் பழக்குங்கள். முதல் இரண்டு நாள் ஓட்டத்தில் முன்னால் நிற்க ஆசைப்பட வேண்டாம், உடம்பு சூட்டுக்குப் பழகட்டும். முகாமுக்கென்று புதுச் சப்பாத்து வாங்குவதும் வேண்டாம். வாங்கியே ஆக வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்பே வாங்கி வீட்டில் போட்டு நடக்கட்டும். கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காமல் மூடிக் கட்டுங்கள்.

துப்பாக்கிப் பயிற்சியைப் பற்றி ஒரே வார்த்தை: வெறும் துப்பாக்கி என்று நினைத்து விளையாட்டுக்கும் யார் பக்கமும் நீட்டக் கூடாது. ஹெர்மன் லூஸ் கிண்ணம்வரை (நாட்டின் சிறந்த கடெட் பிளட்டூனுக்குத் தருவது) கனவு காணும் பிளட்டூனையும் அந்த ஒரு விளையாட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும்.

மூத்த பிள்ளைகள் செய்யும் தவறும் இருக்கிறது. தோளில் பதவிக் கோடு ஏறியதும் குரல் மாறிவிடும். நான் கோப்ரலாக இருந்த வருடம், பிந்தி வந்த ஒரு தரம் 8 பையனை மழையில் மைதானத்தைச் சுற்ற வைத்தேன். மறுநாள் காய்ச்சல் என்று அவன் வரவில்லை, அப்புறம் வரவேயில்லை. அன்றைக்கு மேல்பிரிவுப் பாலத்தில் மண் சரிந்து பஸ் நின்றுபோனதால் அவன் நடந்தே வந்திருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. நான் ஏன் பிந்தினாய் என்று கேட்கவே இல்லை.

மூன்றாம் தவணையில் பரீட்சை நெருங்கும், பயிற்சி குறையும். உடுப்பை அப்படியே பையில் திணித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவார்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் நவம்பர் முதல் ஜனவரி வரை மழை, ஜனவரியில் பையைத் திறந்தால் தொப்பியில் பச்சைப் பூஞ்சணம், பக்கிளில் களிம்பு. துவைத்து, நன்றாகக் காயவைத்து, தொப்பிக்குள் தாள் அடைத்து உயரத்தில் வையுங்கள். பெல்டைச் சுருட்டாமல் ஆணியில் தொங்கவிடுங்கள், அடுப்பு இல்லாத பக்கத்துச் சுவரில்.