கபடி பாடப் போகிற பையனை உசுப்பேற்றாதீர்கள்

தை அறுவடை முடிந்தால் ஒரத்தநாடு, மன்னார்குடி பக்கம் ஊருக்கு ஊர் லைட் கட்டிக் கபடிதான். புதிதாக டீம் நடத்தும் தம்பிகளை இந்த வருடம் கவனித்தேன். நான் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்து. நகம் வெட்டாதது, வார்ம்அப் செய்யாதது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, விடுங்கள்.

கடைசி ரெய்டுக்கு முன் வெறி ஏற்றுவது

எனக்கு இன்னமும் ஆறாதது இதுதான். ஒரு ஃபைனல், 27-27. கடைசி ரெய்டு, அதாவது பாடிப் போகும் முறை, எங்களுடையது. எதிரில் ஆறு பேர், அதாவது போனஸ் புள்ளி உண்டு. போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்து, மற்றதைத் தூக்கிவிட்டுத் திரும்பினால் கோப்பை. அதற்குப் பின் பிடிபட்டால்கூட ஆட்டம் சமன்தான்.

நான் என்ன செய்தேன்? பையன் தோளைப் பிடித்து உலுக்கி, "அந்த ரைட் கார்னர் உன்ன மூணு தடவ பிடிச்சிருக்கான். அவனத் தொடாம வராத" என்றேன். அவனும் ஓரத்தில் நிற்கும் அந்தக் கார்னரையே பார்த்துக்கொண்டு போனான். கார்னருக்கு உள்பக்கம் நிற்கும் கவர் இடுப்போடு சேர்த்துத் தூக்கினான். 27-28.

வெளியே வந்தவனிடம் "கவர் நின்னது கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன். "அங்க ஆளே இல்லண்ணே" என்றான். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் சொன்னது நிஜம் என்று புரிய எனக்கு வருடங்கள் ஆயின.

வேகமும் வெறியும் ஏற ஏறக் கவனம் சுருங்கும். ஈஸ்டர்புரூக் என்ற உளவியலாளர் 1959லேயே இதை எழுதிவிட்டார். முதலில் தேவையில்லாதவை கவனத்திலிருந்து கழலும், அது நல்லது. அதற்கு மேலும் ஏற்றினால் தேவையானதும் சேர்ந்து கழன்றுவிடும். பையனுக்குக் கார்னர் மட்டும் மிஞ்சினான்.

ஓட்டக்காரனுக்கு இந்தச் சுருக்கம் லாபம். புது ஆற்றங்கரையில் ஓடவிடும்போது தூரத்து மதகை மட்டும் பார்க்கச் சொல்வேன். இலக்கிலேயே கண் வைத்தவர்களுக்கு அது கிட்டத்தில் தெரிந்தது, வேகமாகவும் நடந்தார்கள் என்று எமிலி பால்செடிஸ் குழுவினர் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மதகு ஓடி வந்து காலைப் பிடிக்காது. ரெய்டருக்கு 30 விநாடிதான். அதற்குள் இரண்டு கார்னர், கவர், கை கோத்து நிற்கும் செயின், கோடு எல்லாம் பார்த்தாக வேண்டும்.

பரிசுத் தொகையைச் சொல்வது

இறங்குவதற்கு முன் வேண்டாம்.

"பெருசா நெனச்சா பெருசா தெரியும்"

2005இல் வந்த ஓர் ஆய்வில், நன்றாக அடித்த சாஃப்ட்பால் ஆட்டக்காரர்கள் பந்து பெரிதாக இருந்ததாகக் காட்டினார்கள். இதைத் தலைகீழாக்கிப் பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். நன்றாக அடித்தவர்களுக்குத்தான் அப்படித் தோன்றியது. ஆசைப்பட்டவர்களுக்கு என்று யாரும் சொல்லவில்லை. பயிற்சிதான் முதலில்.

வெளியிலிருந்து பத்துப் பேர் கத்துவது

ஒருத்தர் பேசினால் போதும்.

இப்போது நான் உலுக்குவதில்லை. எத்தனை பேர், எந்தக் கவர் முன்னால் வருகிறான் என்று மட்டும் கேட்பேன். பையன் பார்த்துத்தானே பதில் சொல்ல வேண்டும்? போன வாரம் ஒருவன் "ஆறு பேருண்ணே, லெஃப்ட் கவர் ஏறி நிக்கிறான்" என்றுவிட்டுப் போனான். பக்கத்திலிருந்த பெரியவர், "என்னப்பா, பயலுக்கு ரெண்டு வார்த்த சொல்லி ஏத்திவிடாம கணக்குக் கேட்டுட்டு இருக்க?" என்று சலித்துக்கொண்டார்.