‘அக்கா பாத்துப்பா’: பெண் குழந்தைகளோடு தோழிகள் வெளியே கிளம்பும்போது நடக்கும் தவறுகள்

எங்கள் அடுக்ககத்தில் இந்த வருடம் புதிதாக ஒரு செட் அம்மாக்கள் சேர்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வயதில் ஒரு பெண், சிலருக்கு இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ ஒரு பெரியவளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் கலைந்ததும் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி "பீச் போலாமா?" என்று கேட்பாள், அரை மணி நேரத்தில் நாலு வீடு பூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் செட் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது நாங்கள் அடித்த கூத்தையெல்லாம் இவர்களும் வரிசை மாறாமல் அடிப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

தண்ணீர் பாட்டில் எடுங்கள், மாற்றுத் துணி எடுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் முதல் தடவையே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள்.

கழிப்பறை

கிளம்பும் முன்னால், எல்லோரும். "வரலைம்மா" என்று சொன்னாலும்.

விடுமுறை நாள் பார்க்காமல் போவது

வண்டலூருக்குச் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. டைனோசர் பார்க்கலாம் என்று சொல்லிக் கூட்டிப்போன பிள்ளையைப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் சமாதானம் செய்வது எப்படி என்று எனக்கும் தெரியாது.

நாலு மணிக்கே மணலில் இறக்குவது

மார்ச் முதல் ஜூன் வரை சாயங்காலம் நாலு மணி என்பது நம்ம ஊரில் சாயங்காலமே இல்லை. கடல்காற்று மத்தியானமே உள்ளே வந்துவிட்ட நாளில் பரவாயில்லை, மேற்குக் காற்று பலமாக அடித்து அது தாமதமாகிற நாளில் மணல் காலை வைக்க விடாது. அதிலும் மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம், அந்த நாட்களில் ஐந்தரைக்கு முன்னால் போவதில் எந்த லாபமும் இல்லை. நமக்குச் செருப்பு இருக்கிறது, பிள்ளைகள் இறங்கிய மறு நிமிடமே செருப்பைக் கழற்றி வீசிவிடும். அப்புறம் ஒன்று அழ, அதைப் பார்த்து இன்னொன்று அழ, அத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு நிழல் தேட வேண்டியதுதான்.

போகும் வழி பற்றி இடையில் ஒரு வார்த்தை. இரண்டு கார் புக் பண்ணி, காசைப் பங்கு போட்டு, யாருக்கு எவ்வளவு என்று ராத்திரி பத்து மணி வரை கணக்கு ஓடுகிறது. மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் கிடையாது. அம்மாக்களும் பெண்களுமாகப் போகிற கூட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பிள்ளைகளுக்கு ஜன்னல் சீட்தான் பாதி பிக்னிக்.

"அக்கா பாத்துப்பா"

இனிமேல்தான் விஷயம். மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் ஒரு ஞாயிறு, இருட்டத் தொடங்கும் நேரம். எங்களுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்து ஐந்து அம்மாக்கள், ஒரே பள்ளிக்கூடம் போலிருக்கிறது, சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எந்த மிஸ் எப்படி என்று அலசிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பிள்ளைகள் சற்றுத் தள்ளி மணலில். ஒரு அம்மா பஜ்ஜி வாங்க எழுந்தாள். எழுந்தவள் மற்ற நாலு பெரியவர்களில் ஒருத்தியிடமும் எதுவும் சொல்லவில்லை. எட்டு வயது இருக்கும் தன் பெரிய பெண்ணைப் பார்த்து, "தங்கச்சியப் பாத்துக்கோ, என்ன?" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பெண் தலையை ஆட்டியது. அது மணலில் கிணறு தோண்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் ஊறுகிற சமயம், எட்டு வயசுக்கு அந்த நேரத்தில் உலகத்தில் வேறு எதுவும் தெரியாது.

சின்னவள் பஞ்சு மிட்டாய்க்காரரின் மணிச் சத்தத்துக்குப் பின்னாலேயே நடந்திருக்கிறாள். அவர் அஷ்டலட்சுமி கோயில் பக்கமாகப் போய்க்கொண்டே இருக்க, இவளும் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள். அம்மா பஜ்ஜித் தட்டோடு திரும்பி வந்து "எங்க அவ?" என்று கேட்டபோது, நாலு பெரியவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியும் இன்னொருத்தி பார்க்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். அப்புறம் எல்லோரும் ஓடினோம், சிலர் தண்ணீர்ப் பக்கம், சிலர் ரோட்டுப் பக்கம். கடைசியில் ஒரு சோளக்கதிர் கடை அம்மா, தனியாக நின்ற பிள்ளையைத் தன் ஸ்டூலில் உட்கார்த்தி வைத்து, யாராவது தேடி வருவார்கள் என்று போகிற வருகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை கையில் ஒரு துண்டுச் சோளம்கூட இருந்தது.

பிள்ளை கிடைத்துவிட்டது, சரி. அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. அங்கே ஐந்து பெரியவர்கள் இருந்தார்கள், அத்தனை பேருக்கும் முன்னால் முதுகில் ஒரு அடி வாங்கியது அந்த எட்டு வயதுப் பெண். "உன்னைத்தானே பாத்துக்கச் சொன்னேன்!" ஒருத்திகூட "ஏய், அவள ஏன் அடிக்கிற, நாங்க இத்தன பேர் இங்கதானே இருந்தோம்" என்று கேட்கவில்லை. கேட்டால் தப்பு யாருடையது என்று பேச வேண்டி வரும், அதனால் எல்லோருக்கும் அந்த அடி வசதியாக இருந்தது.

புது செட்டிலும் இது அப்படியே நடக்கிறது. பூங்காவில், கல்யாண மண்டபத்தில், தி.நகர் துணிக்கடையில், எங்கே பார்த்தாலும் "அக்கா பாத்துப்பா". அந்த அக்காவுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் இன்னும் முளைக்கவில்லை. தோழிகள் வேறு சேர்ந்துகொள்கிறார்கள்: "உன் பெரியவளுக்கு என்ன பொறுப்பு பாரேன், குட்டி அம்மா மாதிரியே இருக்கா!" தயவுசெய்து இந்தப் பாராட்டை நிறுத்துங்கள். அதைக் கேட்ட பெண் அடுத்த வாரம் விளையாடாது. தங்கையின் ஃப்ராக் நுனியைப் பிடித்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர்களுக்கு அது சமர்த்தாகத் தெரியும்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். மூத்தது பையனாக இருக்கிற வீட்டில் "அண்ணா பாத்துப்பான்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் பேட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், அதுவும் சரிதான் என்று எல்லோரும் இருப்பார்கள். அதே எட்டு வயதுதான்.

"நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம், தம்பி தங்கச்சிய இடுப்புல தூக்கலையா?" என்று கேட்பார்கள். தூக்கினோம். திண்ணையில் பாட்டி இருந்தாள், எதிர்வீட்டு அத்தை இருந்தாள், தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் நாம் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் யாருக்கு யாரைத் தெரியும்? பொறுப்பு பழக்க வேண்டும் என்றால் பாயை மடிக்கச் சொல்லுங்கள், செருப்பு ஜோடி எல்லாம் இருக்கிறதா என்று எண்ணச் சொல்லுங்கள், தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுங்கள். தவறவிட்டால் ஒரு பாட்டில்தான் போகும்.

நாங்கள் கடைசியாக வந்து நின்ற ஏற்பாடு ரொம்பச் சாதாரணம். கூட்டத்தில் எத்தனை அம்மா இருந்தாலும் அந்த நேரத்துக்குப் பொறுப்பு ஒருத்திதான். அவள் நிற்க வேண்டும், உட்காரக் கூடாது, போன் பைக்குள் இருக்க வேண்டும். கால் மணி நேரம் அவள் பார்ப்பாள், அப்புறம் அடுத்தவள். மாற்றும்போது வாயைத் திறந்து சொல்ல வேண்டும்: "ஏய், இப்ப நீ. ஏழு பேர் இருக்காங்க, எண்ணிக்கோ." அவள் "சரி, ஏழு" என்று சொன்ன பிறகுதான் இவள் உட்காரலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், நாங்களும் முதலில் சிரித்துக்கொண்டேதான் செய்தோம். ஆனால் மற்றவர்களுக்கு அந்தக் கால் மணி நேரம் முழுசாகக் கிடைக்கும், திரும்பித் திரும்பிப் பார்க்காமல் ஒரு பேச்சை ஆரம்பித்து முடிக்கலாம். சின்னப் பிள்ளை வைத்திருக்கிற அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

பெரியவளிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், அவள் காதில் விழும்படி தெளிவாக: "தங்கச்சியப் பாக்குறது எங்க வேலை. நீ விளையாடு."

தண்ணீர் ஓரத்தில் இந்த ஏற்பாடுகூடப் போதாது. அங்கே ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். நம்ம கடலில் அலை திரும்பும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போகும், முழங்கால் ஆழத்தில் பெரியவர்களே தடுமாறுவார்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இன்னும் மோசம். சினிமாவில் காட்டுகிற மாதிரி மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது, சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும். எலியட்ஸ் பீச்சில் எல்லோரும் சாய்ந்து நின்று செல்ஃபி எடுக்கிற அந்த வெள்ளை வளைவு எதற்காகக் கட்டியது தெரியுமா? 1930-இல் அங்கே மற்றவர்களைக் காப்பாற்ற இறங்கி மூழ்கிப்போன ஷ்மிட் என்கிற டென்மார்க்காரரின் நினைவாக.  காப்பாற்ற இறங்கிய பெரியவருக்கே அந்தக் கதி.

அந்த வளைவை இன்னொரு காரியத்துக்கும் பயன்படுத்தலாம். வழி தப்பினால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று பெரிய பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவையுங்கள். சின்னதுகளுக்கு அதுவும் வேண்டாம், "காணோம்னா நடக்காதே, நின்ன இடத்துலயே நில்லு, கடை வச்சிருக்கிற அம்மாகிட்ட சொல்லு" என்பது போதும். காணும் பொங்கல் அன்று மெரினாவில் காவலர்கள் பிள்ளைகள் கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்களே, அதை நாம் எல்லா நாளும் செய்யலாம், முழங்கையின் உட்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் நம்பரை எழுதினால் முடிந்தது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி கோயில் திருவிழா, அந்த நாட்களில் பெசன்ட் நகரில் இது கட்டாயம். பிள்ளையைக் காணவில்லை என்றால் ரொம்ப நேரம் நாமே தேடிக்கொண்டிருக்காமல் 112-ஐக் கூப்பிடுங்கள், குழந்தைகளுக்கான 1098-ம் இருக்கிறது.

பிள்ளை காதுபடப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது

"இவ இன்னும் ராத்திரி படுக்கைய நனைக்கிறாடி." தோழியிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது, சொல்லத்தான் வேண்டும். அவள் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது வேண்டாம். "சின்னவ கலர், பெரியவ கொஞ்சம் மட்டு", "இவளுக்குக் கணக்கு ஏறாது, அக்கா சூப்பர்" இதெல்லாமும் அப்படித்தான். பிள்ளை மணலைக் கிளறிக்கொண்டிருக்கும், கேட்காத மாதிரிதான் இருக்கும். இங்கிலீஷுக்கு மாறினால் புரியாது என்பது யு.கே.ஜி. முடியும் வரைதான். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் தெலுங்கில் பேசிப் பார்த்தார்கள், கடைசியில் பிள்ளைகளுக்குத் தெலுங்கு வந்ததுதான் மிச்சம்.

ஒருத்தி மட்டும் பலூன் வாங்கிக் கொடுப்பது

ஒரு பிள்ளைக்கு வாங்கினால் எல்லாப் பிள்ளைக்கும் வாங்கியதாக அர்த்தம். ராட்டினமா, குதிரையா, பஞ்சு மிட்டாயா, எது இன்றைக்கு உண்டு, எது இல்லை என்பதை ஏறுவதற்கு முன்னாலேயே அம்மாக்கள் பேசி முடித்துவிடுங்கள். "பாவம் குழந்தைதானே, நான் வாங்கித் தரேன்" என்று நடுவில் தாராளம் காட்டுகிற தோழி எல்லாக் கூட்டத்திலும் ஒருத்தி உண்டு. அவளிடம் தனியாகச் சொல்லுங்கள்.

போட்டோ

பள்ளி அடையாள அட்டை தெரிகிற படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். மற்றவள் பிள்ளை இருக்கிற படத்தைக் கேட்காமல் எங்கேயும் போடாதீர்கள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்"

பிள்ளைகளிடம் "அஞ்சு நிமிஷத்துல கிளம்பறோம், வாங்க" என்று கத்திக் கூப்பிட்டு, கால் கழுவி, செருப்பு மாட்டி நிறுத்திவிட்டு, அம்மாக்கள் நின்றபடியே மாமியார் கதையை ஆரம்பிக்கிறார்கள். அரை மணி ஆகிறது. பிள்ளைகள் ஒன்றை ஒன்று கிள்ளுகின்றன, ஒன்று தூங்கி விழுகிறது, யாரோ ஒருத்தி "கொஞ்ச நேரம் சும்மா இரேன்டி!" என்று சீறுகிறாள். கதையை முடித்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். முடிகிற கதை இல்லை என்றால் பேருந்தில் ஏறிப் பேசுங்கள், 29சி பெசன்ட் நகரிலிருந்துதான் கிளம்புகிறது, ஏழு மணிக்குள் போனால் உட்கார இடமும் கிடைக்கும்.