மனம் ஆறுவதற்காக விதை போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

அம்மா இறந்த பிறகு அடுக்களை மேல்தட்டில் ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே சாம்பலில் புரட்டிய அவரை விதை, இரண்டு கைப்பிடி இருக்கும். அம்மா கை பட்டது என்பதால் ஊன்ற மனம் வரவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்தபோது, மேல்தட்டில் இருந்ததால் டப்பா தப்பியது. வீட்டைக் கழுவி முடித்துத் திறந்து பார்த்தால், பாதி விதையில் வண்டு துளைத்த ஓட்டை.

துக்கத்தில் இருப்பவர்கள் செய்கிற பெரிய தவறு இதுதான். விதை உயிருள்ள பொருள். உள்ளே மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு, தன் இருப்பைத் தானே செலவழித்துக்கொண்டு இருக்கிறது. நம்மூர் வெக்கையில் வெங்காய விதையை ஒரு வருஷத்துக்கு மேல் நம்ப முடியாது. வேப்பங்கொட்டையும் கறிவேப்பிலைப் பழமும் சில வாரங்களிலேயே முளைப்பை இழந்துவிடும். அவரையும் கத்தரியும் நன்றாகக் காய்ந்திருந்தால் இரண்டு மூன்று வருஷம் தாங்கும். நினைவுக்கென்று வைத்திருந்தால் பாதியை ஊன்றுங்கள். காய்த்ததும் புது விதை எடுத்து டப்பாவில் போடுங்கள்.

அடுத்தது பருவம். துயரம் நாள் பார்த்து வருவதில்லை, ஆனால் விதைக்கு நாள் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடியில் போட்ட நாற்று கருகினால், "நான் தொட்டது எதுவும் விளங்காது" என்று தோன்றிவிடும். தப்பு உங்கள் மேல் இல்லை, மாதத்தின் மேல். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது சரிதான். ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் ஆடிக் காற்று, சாரலைக் குற்றாலத்தில் விட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வெறும் காற்றாக வந்து சேரும். தொட்டி மண்ணின் ஈரத்தை மத்தியானத்துக்குள் உறிஞ்சிவிடும். மேற்கே சுவர் மறைப்பு இருக்கிற இடத்தில் நாற்றுத் தட்டை வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரை மாதிரிப் பொடி விதையை வெட்டவெளியில் தூவினால் தண்ணீரோடு போய்விடும். வெள்ளம் வடிந்த தோட்டத்திலும் அவசரப்படக் கூடாது. படிந்த வண்டல் காய்ந்து, கொத்தி, தொழுவுரம் கலந்த பிறகு விதைக்கலாம்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனசு வெறிச்சென்று இருக்கும்போது கைக்கு வேலை வேண்டும். அதனால் நாளைக்கு நாலு தரம் தண்ணீர் ஊற்றுவோம். நான் முதலில் போட்ட கத்தரி நாற்றுக்கு நடந்தது இது: காலையில் வரிசையாக நின்றவை சாயங்காலம் படுத்துக் கிடந்தன. இலை பச்சையாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தால், மண்ணை ஒட்டின இடத்தில் தண்டு மட்டும் நீர்க்கோத்து, நூல் கனத்துக்கு இளைத்திருந்தது. நாற்றழுகல் என்பார்கள், மண்ணில் இருக்கும் பூஞ்சையின் வேலை. நெருக்கமாக விதைத்து, எப்போதும் சொதசொதவென்று வைத்திருந்தால் வரும். வந்த பிறகு அந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. தட்டில் ஓட்டை இருக்கட்டும், விதையை இடைவெளி விட்டுப் போடுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி கிடைத்தால் கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு, வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை புரட்டினால் போதும். விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். கைக்கு வேலை வேண்டுமென்றால் களை எடுக்கலாம்.

ஆழத்துக்கு ஒரு கணக்கு: விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு, அதற்கு மேல் வேண்டாம். பாகல், புடலை விதைக்குத் தோல் கெட்டி, ராத்திரி ஊறவைத்து ஊன்றுங்கள். கீரை விதையை மணலோடு கலந்து தூவுங்கள், எறும்பு மேல் ஒரு கண் இருக்கட்டும்.

முளைத்ததைப் பத்திரமாக வைக்கிறேன் என்று தார்சாவுக்குள், அதாவது வெயில் படாத வீட்டு முன்கூடத்துக்குள், வைப்பவர்கள் உண்டு. கோவில் கொடைக்கு முளைப்பாரி போடுகிறவர்கள் இருட்டறையில் வைப்பார்கள், பயிர் வெளுத்து நெடுநெடுவென்று வரும். தலையில் சுமந்து குளத்தில் கரைக்கிற முளைப்பாரிக்கு அது அழகு. காய்க்க வேண்டிய கத்தரிக்கு அப்படி ஆகக் கூடாது. முளை தெரிந்த அன்றே காலை வெயிலில் வையுங்கள்.

அப்புறம், தோண்டிப் பார்க்கிற பழக்கம். வெண்டையும் தட்டப்பயறும் நாலைந்து நாளில் மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். மிளகாய்க்குப் பதினைந்து நாள்கூட ஆகும். மனம் தாங்காத நேரத்தில் மிளகாயில் தொடங்காதீர்கள். பனங்கொட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முளை மேலே வராமல் மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்கும். மேலே மாதக்கணக்கில் வெறும் மணல்தான் தெரியும். ஆனாலும் பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்குகிறவரை யாரும் பாத்தியைக் கிளறுவதில்லை.

கடை விதை சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் மருந்து கலந்தது. பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், மிச்சத்தைச் சமைக்காதீர்கள். வீரிய ஒட்டு ரகத்தில் எடுக்கிற விதை தாயைப் போல வராது. வருஷா வருஷம் விதை எடுத்துத் தொடர வேண்டுமென்றால் நாட்டு விதையோ, கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கேகேஎம் 1 வெள்ளைக் கத்தரி மாதிரி ஒட்டில்லாத ரகமோ வாங்குங்கள்.

அம்மாவின் விதையில் ஓட்டையில்லாத இருபதை 2024 ஆடியில் ஊன்றினேன். முளைத்தவை மூன்று. வளைந்த கழுத்தோடு மண்ணைப் பிளந்து, விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தன. ஆவணி, புரட்டாசி முழுக்க கொடி மட்டுமே ஓடியது. பூக்கவில்லை என்று பிடுங்கிவிடுகிறார்கள் பலர். பழைய நாட்டு அவரை பகல் குறுகி, பனி இறங்கும்போதுதான் பூக்கும். எங்கள் கொடியும் மார்கழியில்தான் பூத்தது, ஊதா நிறம். கொஞ்சம் காயை நெற்றாக முற்றவிட்டு, உரித்துக் காயவைத்து, சாம்பலில் புரட்டினேன். ஒரு வீட்டில் பட்டுப்போனாலும் இன்னொரு வீட்டில் இருக்கட்டும் என்று ஒரு பங்கை மதினியிடம் கொடுத்தேன். மீதி அதே தகர டப்பாவில் இருக்கிறது, அடுத்த ஆடிவரைக்கும்.