ஜாஸ் பேஸ்: நெல்லையில் இருந்தே நடை பழகுவது

ஜாஸ் இசையில் தாழ்ந்த சுரம் வாசிக்கும் கருவியான பேஸ் என்றதும் ஆள் உயர டபுள் பேஸ்தான் கண்ணில் வரும். முதலில் அதை வாங்காதீர்கள். முக்கால் அளவு என்று விற்பதே ஆறடி இருக்கும். நல்லதென்றால் மேல்பலகை மெல்லிய ஸ்ப்ரூஸ் மரம். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அது ஒழுங்காக நிற்கும். தென்காசியில் சாரலாக விழுகிற ஆனி ஆடிக் காற்று, நெல்லைக்கு வருவதற்குள் வறண்டுவிடும். அந்த வறட்சியில் மரம் சுருங்கிப் பிளக்கும். ஐப்பசி மழையில் ஊதி, கம்பி விரலுக்கு எட்டாமல் எழும்பும். பின்னாளில் வாங்குவதானாலும் பிளைவுட் உடம்பாகப் பாருங்கள். கம்பியைத் தாங்கும் பிரிட்ஜையும் உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கும் சவுண்ட் போஸ்ட்டையும் நகர்த்தத் தெரிந்த ஒருவரைப் பிடித்துவைத்த பிறகு வாங்குங்கள்.

தொடங்க நாலு கம்பி பேஸ் கிட்டார் போதும். சுருதி இரண்டுக்கும் ஒன்றுதான்: ஈ, ஏ, டி, ஜி. கம்பி நீளம்தான் வேறு. இதில் 34 அங்குலம், அதில் 41, 42. கடையில் போட்டுவரும் கம்பி கணீரென்று நீண்டு ஒலிக்கும். ஜாஸுக்கு அது ஆகாது. தடிமன் 45 முதல் 105 வரையுள்ள (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) ஃப்ளாட்வுண்ட், அதாவது தட்டை நாடா சுற்றிய கம்பி மாட்டுங்கள். பிரிட்ஜுக்குப் பக்கத்தில், கம்பிகளுக்கு அடியில், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு விரல் அகலத் துண்டைச் செருகினால் ‘தும்’ என்று விழுந்து அடங்கும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட். 12-வது ஃப்ரெட்டுக்கும் ஈ கம்பிக்கும் இடைவெளி 2.5 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. இருக்கட்டும். மழைக்காலத்தில் கழுத்து வளைந்தால் கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் முழுச் சுற்று திருப்பினால் ராடே முறியலாம்.

வேலையின் உயிர் ‘வாக்கிங்’. நாலு அடி சேர்ந்தது ஒரு பார், அடிக்கு ஒரு சுரம், பாட்டு முடியும்வரை ஓயாமல். முதல் அடியில் கார்டின், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டத்தின், ஆதார சுரம். நாலாம் அடியில், அடுத்த ஆதாரத்துக்கு அரைச் சுரம் (ஒரு ஃப்ரெட்) மேலோ கீழோ. நடு இரண்டும் கார்டுக்குள்ளிருந்து எடுத்தவை. எஃப்பை ஆதாரமாகக் கொண்ட ப்ளூஸ் பாட்டில் முதல் பார் எஃப்7, அடுத்தது பி பிளாட்7. ஈ கம்பியில் 1-வது ஃப்ரெட், ஏ கம்பி திறந்தபடி (விரல் வைக்காமல்), ஏ கம்பியில் 3, பிறகு 2: இது முதல் பார். ஏ கம்பியில் 1, டி கம்பி திறந்தபடி, டி கம்பியில் 3, பிறகு 2: இது இரண்டாவது. மூன்றாம் பாரின் எஃப், டி கம்பியின் 3-இல் காத்திருக்கிறது. கையை நகர்த்தவே வேண்டாம். 1-க்கு ஆள்காட்டி, 2-க்கு நடுவிரல், 3-க்குச் சுண்டுவிரல். டபுள் பேஸிலும் தாழ்ந்த சுரங்கள் வரும் பகுதியில் இதே விரல்முறைதான்.

மொத்தம் 12 பார். எஃப்7, பி பிளாட்7, எஃப்7, எஃப்7. பி பிளாட்7, பி பிளாட்7, எஃப்7, டி7. ஜி மைனர்7, சி7, எஃப்7, சி7. மேலே சொன்ன விதியை வைத்து மிச்சப் பாரை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

சங்கீதம் தெரிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம். எஃப்7 என்பது ச, அந்தர காந்தாரம், ப, கைசிகி நிஷாதம். அரிகாம்போதியிலிருந்து எடுத்த நாலு சுரம். ஜி மைனர்7-க்குக் கரகரப்பிரியா. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: கார்டு மாறும்போது ச-வும் இடம் மாறும். தம்புராவோடு வளர்ந்த காது எஃப்பையே ச-வாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பாரின் முதல் சுரத்தையும் வாய்விட்டு ‘ச’ என்று பாடிக்கொண்டே வாசித்தால், சில வாரங்களில் பிடி தளரும். கமகத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அடிகளுக்கு நடுவே துணைச் சுரம் ஒன்று நுழைக்கும்போது ஸ்விங் வேண்டும். ஓர் அடியைத் திசரமாக ‘தகிட’ என்று பிரித்து, ‘த’வையும் ‘ட’வையும் வாசித்து, ‘கி’யை விடுங்கள். வேகம் ஏற ஏற இரண்டும் சமமாகிக்கொண்டே போகும். விரைவுப் பாட்டில் ‘தகிட’வைப் பிடித்துத் தொங்கினால் நொண்டும்.

தாளம் தட்டும் மெட்ரோனோமை 60-இல் வைத்து, ‘டிக்’கை இரண்டு, நாலு என்று எண்ணுங்கள்; வேகம் 120 ஆகும். சமத்தில் தட்டிப் பழகிய கை, தெரியாமலே அதை ஒன்றாக்கிவிடும். 12 பார் முடிந்த இடத்தில் ‘டிக்’ எங்கே விழுகிறது என்று பாருங்கள், குட்டு வெளிப்படும். கருவியைத் தொடுமுன் ஒரு சுற்று முழுக்க வாயால் எண்ணி, இரண்டிலும் நாலிலும் மட்டும் கை தட்டுங்கள். போனில் பதிவு செய்து ஹெட்போனில்தான் கேளுங்கள். ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது எழும்பாது. பதிவில் முக்கியமாகக் கேட்க வேண்டியது இடைவெளி: ஒரு சுரம் அடுத்தது பிறக்கும்வரை உயிரோடு இருக்கிறதா? இல்லையென்றால் இடதுகை சீக்கிரம் எழும்புகிறது. இரண்டு சுரம் குழம்பிக் கேட்டால், திறந்த கம்பியை அடக்க மறந்திருக்கிறீர்கள்.

கேட்பதற்கு முதலில் மூன்று பேஸ் கலைஞர்கள் போதும். 1939-இல் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் சேர்ந்து, 23 வயதில் காசநோயில் இறந்த ஜிம்மி பிளான்டன். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு வாசித்த பால் சேம்பர்ஸ். பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனோடு ரே பிரவுன். அடுத்து ரான் கார்ட்டர்: 2015-இல் கின்னஸ் கணக்குப்படி 2,221 பதிவுகள். இத்தனை பேர் கூப்பிட்டது தனி ஆவர்த்தனத்துக்காக இருக்காது.

நெல்லையில் ஜாஸ் கச்சேரியை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. வேலை இருப்பது பாளையங்கோட்டைப் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுக்களிலும், கல்யாண ரிசப்ஷனிலும், கோயில் கொடைக்கு வரும் மெல்லிசைக் குழுக்களிலும். நாலு குரலுக்கு எழுதிய ஞானப்பாட்டு இசைப் புத்தகம் கிடைத்தால் அடி வரியை மட்டும் வாசியுங்கள். தாழ்ந்த சுரங்களை எழுதும் பேஸ் கிளெஃப் குறியீட்டைப் படிக்க அதைவிட நல்ல பாடம் இங்கே கிடையாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு எப்படி நடப்பது என்றும் அதுவே காட்டும்.

கொடை மேடையில் ஜெனரேட்டரும் சீரியல் லைட்டும் சேர்ந்தால் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் 3-வது ஃப்ரெட்டில் உள்ள ஜி 49. அதை நீட்டி வாசித்தால் விநாடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். பலர் கம்பி சுருதி விலகியதாக நினைத்து அங்கேயே முறுக்க ஆரம்பிப்பார்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கோளாறு கிட்டாருக்குள். உள்ளே கவசத் தகடு சரியில்லை. தொட்டும் குறையாவிட்டால் எர்த் லூப்பாக (எர்த் இரண்டு வழியில் சேர்ந்து சுற்றாவது) இருக்கலாம். கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னை ஒடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கம்பியைத் தொட்டுக்கொண்டே மைக்கில் உதடு பட்டு ‘சுரீர்’ என்றால், எலக்ட்ரீஷியன் எர்த் பார்த்து முடிக்கும்வரை கிட்டாரைக் கழற்றிவைத்துவிடுங்கள்.